சொந்தக் காலில் நிற்கப் பழகுவது எப்படி? குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு அதிகமுள்ள மாவட்டம் நம்முடையதுதான், 91.75 சதவீதம். தெருவுக்குத் தெரு பட்டதாரிகள் இருக்கிறார்கள், பல வீடுகளில் ஒருவராவது வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். அப்படியும் பட்டாவில் பெயர் மாற்ற ஆள் பிடிக்கிறோம், பிள்ளை எந்தப் படிப்பில் சேர வேண்டும் என்பதைப் பெரியப்பாவும் மாமாவும் பேசி முடிவு செய்கிறார்கள், குழாயில் வாஷர் தேய்ந்து சொட்டினால் கீழே வாளியை வைத்துவிட்டு பிளம்பர் எப்போது வருவார் என்று வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். படிப்பு இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது, ஆனால் நம் வாழ்க்கையின் சாவிகள் மட்டும் யார் யார் கையிலோ கிடக்கின்றன. ரொம்ப நாளாக என்னை உறுத்துகிற விஷயம் இது.

யார் உதவியும் வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லவில்லை. அப்படி யாராலும் வாழ முடியாது, வாழவும் வேண்டாம். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. ஒரு கிராமப் புனரமைப்பு மையத்தைத் தொடங்கியது. ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார். தேனீ வளர்ப்பு, கோழி வளர்ப்பு என்று வீட்டோடு செய்யக்கூடிய தொழில்களை ஊர்க்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்த மையம் வைத்திருந்த கொள்கை எனக்கு மிகவும் பிடிக்கும்: வேலையை ஊர்க்காரரே செய்ய வேண்டும், விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்ல வேண்டும். இலவசமாகத் தூக்கிக் கொடுப்பதும் கிடையாது, கையை விட்டுவிடுவதும் கிடையாது. ஏறத்தாழ நூறு வருடம் ஆகிவிட்டது, மார்த்தாண்டம் தேன் இன்றைக்குப் புவிசார் குறியீடு வாங்கி நிற்கிறது.

நீங்கள் எதைக் கற்றுக்கொள்ளப் போனாலும் இந்த முறையையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை தெரிந்தவர் செய்வதைப் பாருங்கள், கூச்சப்படாமல் கேள்வி கேளுங்கள். அடுத்த தடவை நீங்கள் செய்யுங்கள், அவர் பக்கத்தில் நிற்கட்டும், அவர் கை வைக்க வந்தால் "அண்ணாச்சி, நான் பண்ணுறேன், தப்பா போனா மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிவிடுங்கள். அதற்கடுத்த தடவை அவரைக் கூப்பிடாதீர்கள்.

கையில் இருந்து தொடங்குங்கள்

மனசை மாற்றுவது, தன்னம்பிக்கையை வளர்ப்பது என்று பெரிதாக யோசிக்கிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். கை ஒரு வேலையைச் செய்து முடித்தால் மனசு தானாகப் பின்னால் வரும்.

முதலில் சமையல், குறிப்பாக ஆண்களுக்குச் சொல்கிறேன். அம்மாவோ மனைவியோ இரண்டு நாள் ஊரில் இல்லாவிட்டால் ஓட்டலை நம்பி நிற்கிற ஒருவர் எவ்வளவு சம்பாதித்தாலும் அந்த அளவுக்கு இன்னொருவரை நம்பித்தான் இருக்கிறார். துபாய்க்குப் போய் அறையில் தனியாகக் கிடந்து கற்றுக்கொள்வதைவிட இங்கே வீட்டிலேயே அம்மா பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வது எவ்வளவோ மேல். சோறு, ஒரு துவையல், மரச்சீனி (மரவள்ளி) கிழங்கு, மீன்குழம்பு, இது போதும் ஆரம்பத்துக்கு. கிழங்கை மேல்தொலியோடு உள்தொலியும் போகும்படி உரித்து, துண்டாக்கி, நன்றாக மூழ்குகிற அளவு தண்ணீர் விட்டு, மூடி போடாமல் வேகவைத்து, வெந்ததும் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் இயற்கையாகவே சயனைடாக மாறக்கூடிய பொருள் இருக்கிறது, கசக்கிற வகையில் கூடுதல், அதனால்தான் நம் பாட்டிமார் அந்தத் தண்ணீரை ஆட்டுக்குக்கூட வைக்க விடமாட்டார்கள். மீன்குழம்புக்குத் தேங்காய், வற்றல் மிளகாய், மல்லி, மஞ்சள், சின்ன உள்ளி சேர்த்து மை போல அரைத்து, புளி கரைத்து விட்டு, குழம்பு நன்றாகக் கொதித்த பிறகு சாளையைப் போடுங்கள். மீன் போட்ட பிறகு கரண்டி விடக்கூடாது, சட்டியின் இரண்டு பக்கமும் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றிவிட்டால் போதும். இதைப் பத்து தடவை செய்தவருக்கு அப்புறம் எந்த ஊரும் அந்நியம் கிடையாது.

சொட்டுகிற குழாய்க்கு வருவோம். டாங்கில் இருந்து வரும் வால்வை மூடுங்கள், குழாயைத் திறந்து மீதித் தண்ணீரைப் போகவிடுங்கள், ஸ்பானரால் தலைப்பகுதியைக் கழற்றினால் உள்ளே தேய்ந்த வாஷர் இருக்கும், அதையே கடைக்கு எடுத்துக்கொண்டு போய் அதே அளவில் ஒன்று வாங்கி மாட்டுங்கள். சில்லறைக் காசில் முடிகிற வேலை. மின்சாரத்தில் மட்டும் வீரம் வேண்டாம். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, எந்த சுவிட்ச் எந்த அறைக்கு, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி பொருத்தியிருந்தால் அதிலிருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறதா, இவை வீட்டில் எல்லாருக்கும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சுவருக்குள்ளே ஓடுகிற வயரிங் எலக்ட்ரீஷியனுக்கு உரியது. எதைத் தொடக்கூடாது என்று தெளிவாகத் தெரிந்து வைத்திருப்பதும் சொந்தக் காலில் நிற்பதில் ஒரு பகுதிதான்.

உங்கள் காகிதங்களை நீங்களே படியுங்கள்

நம் மாவட்டத்தில் அஞ்சு சென்ட், பத்து சென்ட் இல்லாத வீடு குறைவு, ஆனால் அந்தப் பத்திரத்தை முதலில் இருந்து கடைசி வரைக்கும் படித்தவர்கள் இன்னும் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பீரோவில் இருந்து எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். பட்டாவைத் தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம், மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது சர்வே எண்ணும் உட்பிரிவும் தெரிந்தால் போதும். வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருங்கள். முன்பு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று நான்குதான், பிறகு கிள்ளியூரும் திருவட்டாறும் சேர்ந்து ஆறு ஆகிவிட்டன. பழைய பத்திரத்தில் விளவங்கோடு என்று இருப்பது இப்போது கிள்ளியூரில் இருக்கலாம். நிலத்தின் மேல் விற்பனையோ அடமானமோ பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறை தளத்தில் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம், சான்றொப்பம் இட்ட நகல் வேண்டுமென்றால்தான் பணம்.

இன்னொரு சிக்கல் நம் மாவட்டத்துக்கே உரியது. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும் வரைக்கும் நாம் முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அந்தக் காலத்துப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், மலையாளம் வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை உட்கார வைத்து வரி வரியாக வாசிக்கச் சொல்லித் தமிழில் எழுதி எடுத்து வையுங்கள். நான்கு எல்லையும் யார் யார் என்று இருக்கிறது, பழைய சர்வே எண் என்ன, மறு அளவைக்குப் பிறகு வந்த புது எண் என்ன, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி பத்திரத்தோடு வைத்தால் நாளைக்குப் பங்கு வைக்கும்போது அண்ணன் தம்பி சண்டை பாதி குறையும். தள்ளிப்போடாதீர்கள், அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

அலுவலகத்தில் மனு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ல் இருந்து நம் கையில் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். "எனது இன்ன தேதியிட்ட மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் விவரம், மனு தற்போது உள்ள பிரிவு" என்று இரண்டே வரி கேளுங்கள். நீளமாக ஆதங்கத்தை எழுதினால் பதிலும் சுற்றி வளைத்துத்தான் வரும்.

பணம்

1820களில் நாகர்கோவிலில் லண்டன் மிஷன் பெண்கள் பள்ளியில் மார்த்தா மால்ட் என்பவர் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அப்போது திருவிதாங்கூரில் மனிதர்களை அடிமையாக வைத்திருந்த காலம், அந்த முறை 1855ல்தான் ஒழிந்தது. அப்படி அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கொடுத்தே தங்கள் விடுதலையை வாங்கினார்கள். கையில் ஒரு தொழில், அதிலிருந்து வரும் காசு தன்னுடையது என்ற நிலை, அது ஒரு மனிதருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல? வீட்டில் இருக்கிற பெண்களுக்குச் சொந்தமாக ஒரு வங்கிக் கணக்கு, அதன் ஏடிஎம் அட்டை அவர்கள் கையிலேயே, ரகசிய எண் அவர்களுக்கு மட்டும், இதில் சமரசம் செய்யாதீர்கள்.

அவசரத்துக்கு ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருந்தால் நல்லது, உடனே முடியாது என்றால் ஒரு மாதச் செலவில் தொடங்குங்கள். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலேயே தொடர் வைப்பு தொடங்கலாம். அதிக வட்டி தருகிறேன் என்று வருகிற தனியார் நிதி நிறுவனங்களில் போட்டுவிட்டு ஏமாந்த குடும்பங்களை நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வங்கியில் போட்டால் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புத்தொகைக் காப்பீடு உண்டு, நிதி நிறுவனத்துக்கு அந்தக் காப்பீடு கிடையாது. சீட்டு என்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்ததா என்று பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் சேருங்கள், நடத்துகிறவர் நம்ம சர்ச்சுக்காரர், நம்ம சொந்தக்காரர் என்பது பதிவுச் சான்று ஆகாது.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் ஒன்றுதான், கடன் கொடுத்தவர் நேராக உங்களிடமே வந்து முழுத் தொகையையும் கேட்கலாம். முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது, சொந்தம் போய்விடுமே என்று பயம். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சித்தப்பா, ஜாமீன் போடுறதில்லைன்னு வீட்டுல பேசி முடிவு பண்ணியிருக்கோம், யாருக்கும் போடல. கையில அஞ்சாயிரம் இருக்கு, இதை வச்சுக்கிடுங்க, திருப்பித் தரணும்னு இல்ல." கோபம் வரும், ஒரு கல்யாண வீட்டில் முகம் கொடுக்க மாட்டார், அடுத்த கல்யாண வீட்டில் பேசிவிடுவார். கையெழுத்துப் போட்டுப் பிரிந்த சொந்தம் அப்படித் திரும்பி வருவதில்லை.

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் செய்யுங்கள். ஏஜெண்ட் மத்திய அரசின் இமைகிரேட் (eMigrate) தளத்தில் பதிவு பெற்றவரா என்று நீங்களே பாருங்கள். பதிவு பெற்றவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கு மேல் கேட்டால் எழுத்தில் ரசீது கேளுங்கள், அங்கேயே பாதிப்பேர் பின்வாங்குவார்கள். வேலை ஒப்பந்தத்தின் நகல் போவதற்கு முன்பே உங்கள் கையிலும் வீட்டிலும் இருக்க வேண்டும்.

உங்கள் முடிவு, உங்கள் வழி

சமையல், பத்திரம், பணம் எல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். எல்லாரும் போகிற பாதையில் போகாமல் தனக்குச் சரியென்று பட்டதைச் செய்வதுதான் நம் ஊரில் ரொம்பக் கடினம், ஏனென்றால் இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு சாதி, ஒரு சபை, ஒரு கட்சி, ஒரு வாட்ஸ்அப் குழு நிற்கிறது.

ஆனால் இதே மண்ணில்தான் சாதிக் கொடுமையை எதிர்த்த ஆன்மிக வழிகாட்டி அய்யா வைகுண்டர் இருந்தார். தலைப்பாகை கட்டுகிற உரிமை மறுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபட வரச் சொன்னார். இன்றைக்கும் சுவாமித்தோப்பில் ஆண்கள் தலைப்பாகையோடுதான் பதிக்குள், அதாவது அவர் வழிபாட்டுத் தலத்துக்குள் போகிறார்கள், உள்ளே கண்ணாடி இருக்கிறது, கும்பிடப் போகிறவர் தன் முகத்தையே பார்க்கிறார். தோள்சீலைக்காக நம் பெண்கள் பட்ட அடியும் அவமானமும் பல பத்தாண்டுகள் நீண்டன, 1859ல்தான் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அரசாணை வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. எல்லாரும் குனிந்தபோது நிமிர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். நம் பிள்ளை எந்தக் கல்லூரியில் சேருவது, நம் மகள் எத்தனை பவுனோடு போவது என்பதை ஊர் முடிவு செய்ய விட்டால் அவர்களுக்கு என்ன மரியாதை?

சரி, இதைப் பழகுவது எப்படி? ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தால், யாரிடமும் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதி மடித்து வையுங்கள். அப்புறம் போய் பெரியவர்களிடம் கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. திரும்பி வந்து தாளைப் பிரித்துப் பாருங்கள். புதிய தகவல் கிடைத்ததால் மனசு மாறியிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், அதில் வெட்கமில்லை. வெறும் பயத்தால், "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்பதால் மாறியிருந்தால் தாளில் உள்ளதையே செய்யுங்கள். முதலில் சின்ன விஷயங்களில் செய்து பாருங்கள், வீட்டுக்கு என்ன நிறம் அடிப்பது, விசேஷத்துக்கு எத்தனை பேரைக் கூப்பிடுவது என்பது போல. குழுவில் வருகிற செய்திக்கும் இதே விதிதான்: வேறு மதத்தையோ சாதியையோ பற்றிக் கோபம் வரும்படி ஒரு செய்தி வந்தால் ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகுதான் அதைப் பற்றி வாய் திறப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பேசும்போது எதிர்த்துப் பேசுவதைவிடக் கணக்கோடு பேசுவது பலன் தரும். நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகாமல் தேனீ வளர்க்க நினைக்கிற ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அம்மா கேட்பார், "மக்கா, ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" அதற்கு அவன், "அம்மா, ஜனவரியில ரப்பர் தளிர் விட்டதுல இருந்து மார்ச் வரைக்கும்தான் தேன் சீசன். ஒரு வருஷம் மார்த்தாண்டத்துல ஒரு பெரியவர்கூட நின்னு வேலை பழகுறேன், அடுத்த சீசன்ல சொந்தமா பெட்டி வைக்கிறேன். வரவு செலவை நோட்டுல எழுதி உங்க கையிலயே தாறேன். நஷ்டம்னா நீங்க சொல்லுற வழிக்கு வாறேன்" என்று சொன்னால், அந்த அம்மாவுக்கு மறுத்துப் பேச ஒன்றும் இருக்காது. கால அளவு, கணக்கு, தோற்றால் என்ன செய்வது என்பது, மூன்றையும் நீங்களே முன்வைத்தால் வீடு பாதி வழி வந்துவிடும். வரதட்சணை விஷயத்தில் மட்டும் பேரம் வேண்டாம். 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பதும் வாங்குவதும் குற்றம், "எல்லாரும் செய்கிறார்கள்" என்பதற்காக ஒரு குடும்பம் அஞ்சு சென்டை விற்க வேண்டியதில்லை. பையன் வீட்டில் முதலில் மறுக்க வேண்டியது பையன்.

யாரை நம்புவது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுங்கள்

2017 நவம்பர் 30 நம் மாவட்டம் மறக்காத நாள். ஒக்கி புயலில் ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை, கரையில் குடும்பங்கள் கதறிக்கொண்டிருந்தன, அப்போது நம் மீனவர்களே தங்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தேடப் போனார்கள். அந்தக் கடல் அவர்களுக்குத் தெரியும், எந்தப் படகு எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தெரியும். கடலில் ஒவ்வொருவரும் தன் வேலையைத் தானே செய்யத் தெரிந்தவர், அதனால்தான் ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவ முடிந்தது. ஒன்றும் தெரியாத பத்து பேர் சேர்ந்தால் பதற்றம்தான் பத்து மடங்காகும்.

நடுராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடியவர்கள் யார் என்று எழுதிப் பாருங்கள். ஐந்து பேர் தேறினால் நீங்கள் கொடுத்து வைத்தவர். பக்கத்து வீட்டுக்காரர் அதில் இல்லை என்றால் இந்த வாரமே அவர் வீட்டுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு போய்ப் பேசுங்கள். பெற்றோர் தனியாக இருக்கிற வீடு என்றால் அவர்கள் சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர், அளவு, வேளை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி, அதன் படத்தை அந்த ஐந்து பேருக்கும் அனுப்பி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு இதையெல்லாம் எப்போது தொடங்குவது என்று கேட்பீர்கள். பத்து வயது தாண்டினால் பிள்ளை தன் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது, தொகை வரம்பை அந்தந்த வங்கி வைத்துக்கொள்ளும். அழைத்துக்கொண்டு போங்கள், படிவத்தை அவளே நிரப்பட்டும், கேள்வியை அவளே கவுண்டரில் கேட்கட்டும், அடித்து எழுதினால் இன்னொரு படிவம் வாங்கிக் கொடுங்கள். மாதாமாதம் பாஸ்புத்தகத்தைப் பதிந்துகொண்டு வருவது அவள் பொறுப்பு.